எஞ்சினுக்குப் பழகிய கால்

இந்த எஞ்சினை ஐந்து லட்சம் கிலோமீட்டர் தொட வைக்காமல் விடுவதில்லை என்று போன குளிர்காலத்தில் சபதம் எடுத்தேன். அப்போது மீட்டரில் நாலு லட்சத்து அறுபதாயிரம். கார் ஜெர்மனியில் பிறந்தது. அங்கிருந்து யார் யாருக்கோ வாழ்க்கைப்பட்டு, கடைசியில் எங்கள் ஊரான தால்திகோர்கனில் என் கைக்கு வந்து சேர்ந்தது. பெட்ரோலோடு போட்டி போட்டுக்கொண்டு ஆயில் குடிக்கும். புகை நீலமாக வரும். பின்னால் வருகிறவன் நான் எந்தப் பக்கம் திரும்பினேன் என்று புகை கலைந்த பிறகுதான் தெரிந்துகொள்வான். ஆனாலும் சொல்கிறேன், அந்த எஞ்சினிடம் ஒரு குறையும் கிடையாது. வயசு, அவ்வளவுதான். அதற்கும் என் முழங்காலுக்கும் ஒரே வருஷத்தில்தான் சத்தம் வர ஆரம்பித்தது.

வயசான எஞ்சினை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரியும். கெட்டி ஆயிலாக ஊற்ற வேண்டும். காலையில் சூடேறும் வரை விரட்டக் கூடாது. மிதிக்கக் கூடாது, தடவிக் கொடுக்க வேண்டும். முக்கியமாகப் பாரம் ஏற்றக் கூடாது. இந்தக் கடைசி விதியில்தான் என் மனைவி கூல்பாரம் மாட்டிக்கொண்டாள். சந்தைக்குப் போகிற வழியில் ஒரு ஏற்றம் இருக்கிறது. அதன் அடியில் காரை நிறுத்தினேன்.

"ஏத்தம் வருது. எறங்கு."

"எதுக்கு?"

"எஞ்சின் திணறும்ல. மேல நடந்து வந்து ஏறிக்க."

"நான் என்ன சிமெண்ட் மூட்டையா?"

"மூட்டை எதிர்த்துப் பேசாது."

அன்றைக்கு என் தேநீரில் பால் விழவில்லை.

குளிர் மைனஸ் இருபத்தைந்துக்கு இறங்கியதும் எஞ்சினுக்குப் போர்த்த ஒன்று தேவைப்பட்டது. இங்கே எல்லோரும் பானெட்டைத் திறந்து உள்ளே ஒரு போர்வையைப் போட்டு மூடுவது வழக்கம். கடையில் விற்கிற போர்வை மெல்லிசு. எங்கள் வீட்டு நடு அறையிலோ ஒரு கம்பளி விரிப்பு கிடந்தது. செம்மறி ரோமத்தைத் தட்டிச் செய்தது, இரண்டு விரல் தடிமன். அளவுதான் கொஞ்சம் பெரிசு. கத்தரிக்கோல் எடுத்தேன், சரியாகிவிட்டது.

"ஏங்க, விரிப்பு எங்க?"

"வேலைக்குப் போயிருக்கு."

"எங்கம்மா சீரா குடுத்ததுங்க அது. ஒரு கோடை பூரா உக்காந்து ரோமம் தட்டினாங்க."

"சும்மாதானே கெடந்துச்சு."

"நீங்களும்தான் சும்மா கெடக்கறீங்க. உங்கள வெட்டினேனா?"

நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். கத்தரிக்கோல் இப்போது அவள் கையில் இருந்தது.

இவ்வளவுக்கும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தக் காரை ஓட்ட வேண்டும். இலையுதிர் காலத்தில் லைசன்ஸ் வாங்கிவிட்டாள், முதல் தடவையிலேயே. நான் எத்தனையாவது தடவையில் வாங்கினேன் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

"ஒரு தடவை ஓட்டிப் பாக்கறேனே."

"எஞ்சின் என் காலுக்குப் பழகிடுச்சு கூல்பாரம். வேற கால் பட்டா மனசு ஒடஞ்சிடும்."

"எஞ்சினுக்கு மனசிருக்குன்னு தெரியுது. எனக்கு இருக்குன்னு எப்பத் தெரியும்?"

"இதப் பாரு. அந்தக் கார் என் கார். என் கார்னு இருக்கற வரைக்கும் ஸ்டீயரிங் பக்கம் நீ வரக் கூடாது."

"சரிங்க."

அவள் 'சரிங்க' என்றால் நான் பயப்பட வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதைக்கூடக் கற்றுக்கொள்ளாதவன் நான்.

இப்போது என் அக்கா மகன் எர்கெபுலானைச் சொல்ல வேண்டும். லாரி ஓட்டுகிறவன், முப்பது வயசு, எந்த வீட்டு வாசலிலும் குனிந்துதான் நுழைவான். எங்களில் அக்கா தங்கை பிள்ளைக்கு ஒரு உரிமை உண்டு. தாய்மாமனிடம் ஆயுசில் மூன்று தடவை எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மாமன் முடியாது என்றால் அப்புறம் நாலு பேர் முன்னால் தலைகாட்ட முடியாது. இவன் முதல் தடவை என் வேட்டை நாயைக் கேட்டான். இரண்டாம் தடவை என் அப்பாவின் வெள்ளிச் சேணம். மூன்றாவது பாக்கி. அவன் வாயைத் திறந்தாலே நான் வீட்டுச் சாமான்களை மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

"ஞாயித்துக்கெழம எர்கெபுலான் வர்றான்," என்றாள் கூல்பாரம், தேநீர் ஊற்றிக்கொண்டே. அன்றைக்குப் பால் தாராளமாக இருந்தது. "போன்ல காரைப் பத்தியே விசாரிச்சான்."

"என்னன்னு?"

"மாமா எஞ்சின நல்லா வெச்சிருக்காரான்னு. தங்கமா வெச்சிருக்காருன்னு சொன்னேன்."

"ஏன்டி அப்படிச் சொன்ன?"

"நல்லா இல்லேன்னா சொல்லச் சொல்றீங்க?"

மூன்றாவது என் கார்தான் என்று புரிந்துவிட்டது. ஆனால் மூளை என்று ஒன்று எதற்கு இருக்கிறது? பிடித்தால்தானே கேட்பான். அவனுக்குப் பிடிக்காமல் செய்துவிட்டால் தீர்ந்தது. ஞாயிறு காலை பானெட்டைத் திறந்து, ஸ்பார்க் பிளக் ஒயர் ஒன்றைப் பிடுங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நாலு சிலிண்டரில் ஒன்று லீவு.

எர்கெபுலான் வந்தான், கூடவே என் அக்கா. குதிரைக்கறியும் பவுர்சாக் என்கிற பொரித்த ரொட்டியும் சாப்பிட்டு முடித்ததும் அவன் கேட்பதற்கு முன்னால் நானே அவனை முற்றத்துக்கு இழுத்துப் போனேன். பெண்கள் இருவரும் வாசற்படியில் நின்றார்கள். சாவியைத் திருப்பினேன். கார் காய்ச்சல் வந்ததுபோல் உதறியது. எனக்கே பாவமாக இருந்தது.

"பாத்தியா மாப்ள? முடிஞ்சு போச்சு."

"அத்த தங்கமா இருக்குன்னாங்களே மாமா?"

"அவளுக்கு என்ன தெரியும்? ஆயில் ஊத்தி ஊத்தியே நான் போய்ச் சேந்துடுவேன்."

"வேலைக்கு எதுல போறீங்க?"

"பஸ்ல."

கூல்பாரம் படியில் நின்றபடி குறுக்கே வந்தாள். "என்னங்க இப்படிச் சொல்றீங்க. இது இல்லாம உங்களுக்குப் பொழப்பே ஓடாதே."

"யாரு சொன்னா? இருந்தாலும் ஒண்ணு, போனாலும் ஒண்ணு. கோழி அடைக்கத்தான் லாயக்கு."

"அண்ணி, நீங்களும் கேட்டுக்கோங்க," என்றாள் என் அக்காவிடம்.

எர்கெபுலான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். போன இரண்டு தடவையும் இதே மாதிரிதான் கழற்றினான். "மாமா, அப்ப மூணாவதக் கேட்டுடறேன். இந்தக் கார எனக்குக் குடுங்க."

தப்பிக்க ஒரே ஒரு சந்துதான் இருந்தது. இது இல்லாமல் என் பிழைப்பு நடக்காது என்று சொல்லியிருந்தால் அவனே கேட்டதை வாபஸ் வாங்கியிருப்பான். மாமன் பிழைப்பில் கை வைக்கிற அளவுக்கு அவன் மோசமில்லை. அந்த வழியைத்தான் நான் என் வாயாலேயே அக்காவைச் சாட்சி வைத்து அடைத்திருந்தேன். சாவியை நீட்டினேன்.

சாவியை வாங்கிய பிறகும் அவன் கை நீட்டியபடியே இருந்தது.

"இன்னும் என்ன மாப்ள?"

"ஒயரு."

"எந்த ஒயரு?"

"எடது பாக்கெட்ல இருக்கு தம்பி," என்றாள் கூல்பாரம்.

அவன் ஒயரை மாட்டினான். எஞ்சின் குறட்டை விடாமல் தூங்குகிற குழந்தையைப்போல் சன்னமாக ஓடியது. "நல்லாத்தானேடா ஓடுது?" என்று அக்கா என்னைப் பார்த்த பார்வைக்கு நான் பூமிக்குள் போயிருக்க வேண்டும், தரை உறைந்து கிடந்ததால் முடியவில்லை.

அதோடு விட்டானா? நேராக வாசற்படிக்குப் போய், சாவியை இரண்டு கையாலும் கூல்பாரத்திடம் கொடுத்தான்.

"எனக்கு லாரி போதும் அத்த. என் கல்யாணத்துல மூணு நாள் அடுப்படிய விட்டு நகராம நின்னீங்க. அதுக்கு எம் பங்குக்கு இது."

போனில் அவன் ஒன்றும் விசாரிக்கவில்லை, கூப்பிட்டதே இவள்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்து என்ன செய்ய? மருமகனுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கிற மாமனும் எங்களில் கிடையாது.

அடுத்த வாரம் சந்தைக்குக் கிளம்பினோம். எங்கள் ஊரில் ஸ்டீயரிங் இடப்பக்கம், அதனால் நான் வலப்பக்கம் உட்கார்ந்தேன். பூட்ஸில் பனியைத் தட்டிவிட்டு ஏறச் சொன்னாள். கதவை மெதுவாகச் சாத்தச் சொன்னாள். எஞ்சினைப் பதமாகச் சூடேற்றி, தடவிக் கொடுத்துக் கிளப்பினாள். எனக்கு எரிச்சல் என்னவென்றால், அது அவள் காலுக்குத் துளிகூட முரண்டு பிடிக்கவில்லை. நன்றி கெட்ட எஞ்சின்.

"எங்கம்மா விரிப்பு இப்ப எம் வண்டியிலதான் இருக்கு. பரவாயில்ல, நல்லாத்தான் வெட்டியிருக்கீங்க," என்றாள்.

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். திடீரென்று கார் ஓரமாக நின்றது.

"ஏன் நிறுத்திட்ட?"

"ஏத்தம் வருது. எறங்குங்க."