இருபதாவது ஆள்

பம்பாயில் சர்க்காரை முழுசாக நம்பிய ஒரே மனிதர் எங்கள் கார்டு அண்ணாச்சிதான். சர்க்கார் ஆபீசில் சம்பளம் வாங்கியவர்கள்கூட அந்த அளவுக்கு நம்பியிருக்க மாட்டார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் தாராவியில் ஒரு தோல் பட்டறையில் அவரும் நானும் வேலை பார்த்தோம். அதற்கு முன் அவர் பரேல் பக்கம் ஒரு பஞ்சாலையில் இருந்தார். அங்கே அவருக்குத் தொழிலாளர் இன்சூரன்ஸ் கார்டு கொடுத்திருந்தார்கள். காட்டினால் டாக்டர் பார்ப்பார், மருந்து கிடைக்கும், படுத்துவிட்டால் பாதிச் சம்பளமும் வரும். ஆலையில் ஆள் குறைத்தபோது வேலை போயிற்று, கார்டும் செத்துப்போயிற்று. அண்ணாச்சி மட்டும் அதை அடக்கம் செய்யாமல், மெழுகுத்துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

உலகத்து வியாதிகளை அவர் இரண்டாகப் பிரித்திருந்தார். யாராவது இருமினால் போதும், கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவார்.

"நாக்க நீட்டும்வே. ம்... இது கார்டு வியாதிதான். சர்க்காரு பொறுப்பு."

மாமியாரோடு சண்டை போட்டதில் தலைவலி என்று ஒருவன் வந்தான்.

"இது கார்டுல வராது. நீரே பாத்துக்கிடும்."

"இங்க ஒருத்தனுக்கும் கார்டே கிடையாதே அண்ணாச்சி?" என்றால் கோபம் வந்துவிடும்.

"வரும்லே. மிஷின் ஓடுத பட்டறையில இருவது ஆளு இருந்தா சர்க்காரு வந்தே தீரணும். சட்டம் இருக்கு."

அந்தச் சட்டம் எங்கள் சேட்டுக்கும் தெரியும். அண்ணாச்சியை விட்டால் நாங்கள் இருபத்தாறு பேர். இன்ஸ்பெக்டர் தெருமுனையில் தெரிந்ததும் மேஸ்திரி தகர டப்பாவைத் தட்டுவார். ஏழு பேர் ஆளுக்கொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய் வரிசையில் போய் நிற்க வேண்டும். மீசை வைத்த ஏழு பேர் இடுப்பில் குடத்தோடு நிற்பதைப் பார்த்துத் தெருப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இன்ஸ்பெக்டர் பத்தொன்பது என்று எழுதிக்கொண்டு போவார். பத்தொன்பது பேருக்கு வியாதி வந்தால் அது அவரவர் தலைவிதி. இருபது பேருக்கு வந்தால்தான் சர்க்கார் பொறுப்பு.

அண்ணாச்சி குடம் தூக்க மாட்டார் என்று மேஸ்திரிக்குத் தெரியும். அதனால் இன்ஸ்பெக்டர் வரும் நாளை எப்படியோ விசாரித்துவைத்து, அன்று காலையிலேயே அவரைக் காட்கோபருக்கு, தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக்கு விலை கேட்டுவர அனுப்பிவிடுவார். ஒருநாள் நம்மூர்க்காரரான அந்தக் கடைக்காரரே கேட்டாராம்: "என்னவே, இன்னைக்குத் தாராவியில செக்கிங்கா? விலை கேக்க வந்ததுல நீரு நாலாவது ஆளு."

அப்போதுதான் அண்ணாச்சிக்கு விஷயம் புரிந்தது. அதற்குள் அவருக்கே இருமல் பிடித்து மூன்று மாதமாகியிருந்தது. எச்சிலில் சிவப்பைக் கண்டு மண்ணைத் தள்ளி மூடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒருநாள் படுத்தாலும் கூலி கிடையாது.

"கார்டு வந்தாலும் கொஞ்ச மாசம் சந்தா கட்டணும்லே. அதுவரைக்கும் உசுரப் பிடிச்சுக்கிடுதேன்" என்றார்.

அடுத்த முறை அனுப்பியபோது சயான் ஸ்டேஷன் வரை போய், ரயில் ஏறாமல் திரும்பி ஓடிவந்தார். இன்ஸ்பெக்டர் எண்ணி முடித்திருந்தார். அண்ணாச்சி மூச்சு வாங்க உள்ளே நுழைந்து, விறைப்பாக நின்று, கையைத் தூக்கினார்.

"ஹாஜிர் சாப்! நான்தான் இருவதாவது ஆளு!"

"டீக்காரன் சாப். தலை கொஞ்சம் சரியில்ல" என்றார் மேஸ்திரி.

அண்ணாச்சி சுண்ணாம்பில் வெந்த இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். இன்ஸ்பெக்டர் அந்தக் கைகளைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற என்னிடம் திரும்பி, "இவர் இங்கே வேலை செய்கிறாரா?" என்று இந்தியில் கேட்டார்.

தலையை ஆட்டினால் போதும். அதிகாரிகள் முன்னால் எனக்கு வாய் வராது என்பது உண்மைதான், ஆனால் தலை ஆடும். மேஸ்திரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையிலிருந்த தோலைப் பார்த்தேன்.

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். அண்ணாச்சிக்கு அன்றோடு வேலை போயிற்று.

சாயங்காலம் தெருவில் என்னை நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று நின்றேன்.

"நாக்க நீட்டுலே, பாப்போம்."

நீட்டினேன். வெளிச்சத்துக்குத் திருப்பி நன்றாகப் பார்த்தார்.

"நல்லாத்தான இருக்கு. பொறவு ஏன் வேல செய்யல?" என்று சொல்லிவிட்டு, இருமலுக்கு நடுவே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நாலு மாதம் கழித்து அவரைத் தர்ம ஆஸ்பத்திரிக்குக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். சீட்டு எழுதியவர் நிமிர்ந்து பார்க்காமல், "கூட யாரு? சொந்தக்காரங்க யாராவது உண்டா?" என்று கேட்டார்.

"நான் இவரோட தம்பி" என்றேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகத்தான் சொன்னேன்.

அண்ணாச்சி கண்ணைத் திறக்கவில்லை. வண்டி விளிம்பில் இருந்த என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து பதினோரு நாள் நான் அவருக்குத் தம்பியாக இருந்தேன்.