வண்டு தொடாத பூ

வெள்ளக்கடை,
செவ்வாய்க்கிழமை.

சிரஞ்சீவி தம்பி ஜெயபிரகாஷுக்கு, அக்கா அத்தாயி முருகனைக் கும்பிட்டு எழுதும் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் மாமாவும் சுகம். மனசுதான் நொம்பச் சுகமில்லை.

வெள்ளிக்கிழமை மஞ்சக்குட்டைக்குப் பொண்ணு பார்க்கப் போறதைத் தள்ளிப் போடணும் சாமி. காரணம் நீதான். உனக்குக் கல்யாணம் கூடி வரணும்னு, ஒரு மண்டலம் வண்டு தொடாத செம்பருத்தியா முருகனுக்குச் சாத்தறேன்னு வேண்டியிருந்தேன். மொக்குலேயே டீ வடிகட்டியக் கவுத்துக் கட்டி, வெள்ளென எழுந்து பறிச்சு, ஒரு நாள் கணக்குத் தவறலை. நீயோ காலேஜ் வேலைக்குன்னு, "அக்கா, மலையில எந்த வண்டு எந்தப் பூவுக்கு வருதுன்னு போட்டோ எடுத்து அனுப்பு"ன்னே. மொதப் படத்துக்கு "இது வண்டு இல்லக்கா, மாமா சட்டைப் பட்டன்"னு சிரிச்சே. அடுத்ததுல என் கட்டைவிரல். அப்புறம் ஒரு நாள் காலையில, பூப் பறிக்கறதுக்கு முன்னாடி, பக்கத்து டேலியாப் பூவுல நின்ன சின்ன ஈயை எடுத்தேன். பூசையெல்லாம் முடிச்சு மத்தியானம் பெருசு பண்ணிப் பார்த்தா, ஐயோ, படத்து ஓரத்துல வடிகட்டி சரிஞ்சு கெடக்குது, நெல்லிக்காய் தண்டிக் கருவண்டு ஒண்ணு, றெக்கை நீலமா மின்ன, செம்பருத்திக்குள்ள தலைய விட்டு நிக்குது! அன்னைக்குச் சாத்துனது அந்தப் பூவத்தான்.

உன் மாமாகிட்ட அழுதா, "ஏம்புள்ள, பஞ்சாமிர்தத்துல தேன் ஊத்தறியே, அது ஈயோட எச்சில்தானே? முருகன் மூஞ்சியச் சுளிச்சாரா? மொதல்ல வடிகட்டியக் குடு, டீயில தூளு மெதக்குது"ங்கறாரு.

படத்தை உனக்குப் போன்ல அனுப்பியிருக்கேன். அது என்ன வண்டு, பூவுல உட்கார்ந்துச்சா, எட்டிப் பார்த்துட்டுப் போயிருச்சான்னு பார்த்துச் சொல்லு. உட்கார்ந்திருந்தா மண்டலத்தை மறுபடி மொதல்ல இருந்து தொடங்கணும். ஒரே ஆறுதல், ஒரு வாரமா பூசை அலமாரியில முருகன் காலடியில சந்தனம் தானா உதிருது! சாமி கோவிச்சுக்கலைன்னுதானே அர்த்தம்? உனக்கு ஒரு பொட்டலம் இதோட வச்சிருக்கேன், நெத்தியில வச்சுக்கோ. நேத்து ஏற்காடு கடைவீதியில பொண்ணோட அம்மா ராசம்மாளைப் பார்த்தேன், அவங்களுக்கும் ஒண்ணு குடுத்தேன்.

சேலத்து வெயில்ல அலையாத. வேளைக்குச் சாப்பிடு. வேலவன் உன் பக்கத்துல நிக்கட்டும்.

இப்படிக்கு,
தூக்கமில்லாத உன் அக்கா
அத்தாயி

பி.கு.: கவர் ஒட்டறதுக்குள்ள உன் பதில் போன்ல வந்துருச்சு. "அக்கா, இது காஞ்ச மரத்தைக் கொடைஞ்சு கூடு கட்டற வண்டு. ஊட்டுல எங்காச்சும் மரத்தூள் கொட்டுதா பாரு"ன்னு போட்டிருக்கே. பார்த்தேன். முருகன் தலைக்கு நேர் மேலே, அலமாரிப் பலகையில, சுண்டுவிரல் நுழையற மாதிரி ஓட்டை. உள்ளே அதே நீல றெக்கை. பொட்டலத்தைப் பிரிச்சுக் கீழே கொட்டப் போனேன், ராசம்மாள் போன் பண்ணிட்டாங்க. "ஏனுங்க, உங்க சந்தனத்தை வச்ச நேரம், இந்தச் சம்பந்தம் முடியவே முடியாதுன்னு நின்ன எங்கூட்டுக்காரரு சரின்னுட்டாருங்க. இன்னும் கொஞ்சம் கிடைக்குங்களா?"

வெள்ளிக்கிழமை வந்துரு கண்ணு. அதை நெத்தியில வச்சுக்கிட்டே வா. வண்டு சமாச்சாரத்தை அந்த ஊட்டுல மட்டும் வாயத் தொறந்துராத. அவங்க இன்னும் கேட்டதுக்கு, அது உள்ளே கொடைஞ்சுக்கிட்டுதான் இருக்குது.