வெளியேறும் காட்சி

"கட்! அப்பா, பெட்டி காத்துல ஆடுது!"

வாசற்படியில் நின்ற அப்பா பெட்டியைக் கீழே வைத்தார். விடிந்ததிலிருந்து வீட்டைவிட்டு வெளியேறிக்கொண்டே இருக்கிறார். தெருமுனையைக்கூட இன்னும் எட்டியபாடில்லை.

அன்று இரவுக்குள் 'பிரிந்து செல்லுதல்' என்ற தலைப்பில் ஒரு குறும்படத்தை மகன், அதாவது இயக்குநர், கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் இதே வருடத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும். அவனை இயக்குநர் என்று சொல்வது இதுவரை அவன் ஒருவன்தான். நடிக்கிறேன் என்ற நண்பன் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட, லீவில் இருந்த அப்பா மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டது யார் என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

"ஏன்டா, நான் எதுக்கு வீட்டை விட்டுப் போறேன்? காரணம் தெரிஞ்சாத்தானே முகத்துல வரும்?"

"காரணமெல்லாம் இல்லப்பா. மனசு விட்டுப்போச்சு, கிளம்பறீங்க."

"ஆபீஸுக்குப் போறப்ப வெச்சுக்கற முகம் போதுமா?"

"தாராளமா."

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "டேய், ஒரு நிமிஷம். நான்..."

"அம்மா! மைக் ஓடுது!"

நீளக் கம்பின் நுனியில் மைக்கைக் கட்டிப் பிடித்திருந்த இன்னொரு நண்பன் சங்கடத்தோடு தரையைப் பார்த்தான். ஒலிப்பதிவு படிக்கிறவன். கல்லூரியில் அவனுக்குப் பெயரே 'காது'தான். படத்தில் மனிதக் குரலே வரக்கூடாது, பஸ் ஹாரனும் கேட்டின் கிறீச்சொலியும்தான் பேச வேண்டும் என்பது இயக்குநரின் கொள்கை. வசனம் எழுத வராது என்பதையும் கொள்கை என்று சொல்லிக்கொள்ளலாம்.

காலிப் பெட்டியோடு நடக்கிறவனைப் பார்த்தால் எனக்குக் கொட்டாவி வருகிறது என்று பேராசிரியர் வகுப்பில் சொல்லியிருந்தார். எனவே மாடிப்படிக்கு அடியில் கிடந்த செங்கற்கள் பெட்டிக்குள் போயின. அப்பா மூச்சைப் பிடித்துத் தூக்கினார். இரண்டாவது படியில் கைப்பிடி மட்டும் அவரோடு வந்தது. பெட்டி அவர் கால்விரலில் இறங்கியது.

"ஐயோ!"

"சூப்பர்ப்பா! அந்த நொண்டலை அப்படியே வெச்சுக்கங்க!"

"வெச்சுக்காம எங்கடா போறது?"

அம்மா மறுபடி வந்தாள். இம்முறை நல்ல புடவை கட்டியிருந்தாள். ஓரமாகவாவது படத்தில் விழுந்துவிடலாம் என்று ஆசை போலும் என்று இயக்குநர் நினைத்தான். பாவமாகத்தான் இருந்தது.

"அம்மா, உனக்கு இதுல ரோல் கிடையாதும்மா."

"அது தெரியும்டா. ஏங்க, உங்ககிட்டயாவது..."

அப்பா திரும்பவில்லை. அவர் இப்போது கதாபாத்திரத்துக்குள் இருந்தார். வீட்டில் யார் கூப்பிட்டாலும் திரும்பாமலிருக்க அவருக்கு ஒத்திகை தேவைப்படவில்லை.

அடுத்த டேக்கில் அப்பா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நொண்டிக்கொண்டே கேட்டைத் தாண்ட, எதிர்வீட்டு ஆன்ட்டி ஓடிவந்தார்.

"அடப்பாவமே! அண்ணனை இந்தக் கோலத்துல யாரு துரத்தினது?"

டேக் போச்சு. இதெல்லாம் நடிப்பு என்று சொன்னால் ஆன்ட்டி கேமராவைப் பார்த்துச் சிரிப்பார். இயக்குநர் ஒரு யோசனை செய்தான். அவனுடைய யோசனைகளில் இது சற்று மட்டமானது.

"ஆமா ஆன்ட்டி, அப்பா நிஜமாவே போறார். நீங்க ஒண்ணும் பேசாம ஜன்னல்லேருந்து பாருங்க, போதும்."

ஆன்ட்டி ஜன்னலுக்குப் போனார். பார்த்தார். கண்ணீர் விட்டார். கூடவே போனையும் எடுத்தார். சற்று நேரத்தில் வாடகை வீட்டின் சொந்தக்காரர் வந்து இறங்கினார். பின்னால் ஒரு புதுமணத் தம்பதி, கையில் அளவு டேப்போடு.

"காலி பண்றதா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா தம்பி?"

"அப்பா மட்டும்தான் சார் போறார்."

வீட்டுக்காரர் இயக்குநரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ சீக்கிரமே காலி பண்ணிடுவீங்க."

அந்தப் பெண் ஹால் ஜன்னலை அளக்க ஆரம்பித்துவிட்டாள். இனி வீட்டில் எடுக்க முடியாது. மூடிய கேட்டை மட்டும் கடைசியாக ஒரு ஷாட் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விடலாம் என்று அவன் கேமராவை வைத்தால், தோளில் பையோடு அம்மா கேட்டைத் திறந்துகொண்டு குறுக்கே நின்றாள்.

"டேய், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"ஃப்ரேமை விட்டு வெளிய போம்மா, ப்ளீஸ்! வெளிச்சம் போகுது!"

அம்மா ஏதோ முணுமுணுத்துவிட்டு வெளியே போனாள். அன்று முழுவதும் அவன் சொன்னதை ஒரே டேக்கில் செய்தது அவள் ஒருத்திதான்.

பஸ் ஸ்டாப்பில் எல்லாம் அபாரமாக அமைந்தது. ஹாரன், புகை, நெரிசல். அப்பா ஏறினார், ஜன்னலோரம் உட்கார்ந்தார், பஸ் நகர்ந்தது. அடுத்த ஸ்டாப்பில் இறங்க வேண்டியவர் இறங்கவில்லை. கல்லூரி எடிட்டிங் அறையில் இயக்குநர் இருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது.

"தூங்கிட்டேன்டா. பஸ் கடைசி ஸ்டாப்புக்கே கொண்டுவந்து விட்டுடுச்சு. முகம் சரியா வந்துதா?"

"பிரமாதம்ப்பா."

"பசிக்குது. உங்கம்மாவுக்கு போன் போட்டா எடுக்கவே மாட்டேங்கறா. நீ போட்டுச் சொல்லு."

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு இயக்குநர் போனைக் கவிழ்த்து வைத்தான். கடிகாரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. இன்னொரு வருடம் இதே பெஞ்சில் ஜூனியர்களோடு உட்கார முடியாது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு காது ஒவ்வொரு டேக்காகக் கேட்டான். "எல்லாத்துலயும் உங்கம்மா குரல் இருக்குடா."

"தெரியும். தூக்கிடு. அது மட்டும்தான் படத்தைக் கெடுக்குது."

காது தூக்கவில்லை. திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டான். நீ 'கட்' சொன்ன பிறகும் மைக் ஓடிக்கொண்டுதான் இருந்தது என்றான்.

"அதனால என்ன? நேரமாகுதுடா!"

காது ஹெட்போனைக் கழற்றினான்.

"எல்லா டேக்லயும் உங்கம்மா 'நான் கிளம்பறேன்'னு சொல்றாங்கடா. ஒரு டேக்லகூட யாரும் 'எங்கே'ன்னு கேக்கல."