பன்னிரண்டாம் நம்பர் சீட்டு

"முப்பத்தொண்ணு. ஒரு ஆள் குறையுதே!" என்றாள் கைடு பெண்.

அவள் எண்ணுவது இது மூன்றாவது முறை. இடிந்த கோட்டையை எல்லோரும் சுற்றிப் பார்த்து முடித்தாயிற்று. பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்த தாளையும் சீட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பன்னிரண்டாம் நம்பர் ஜன்னல் சீட்டில் ஒரு கம்பளிக் கோட்டு மட்டும் இருந்தது. அதன் பக்கத்தில் தையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா எங்க சார்?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தார். வாய் முந்திக்கொண்டது.

"டீ குடிக்கப் போனா. இப்ப வந்துடுவா."

அவர் மனைவி செத்து நான்கு மாதம் ஆகிறது. எந்த டீக்கடையிலிருந்தும் அவள் வரப்போவதில்லை.

காலையில் ஏறும்போது இரண்டு டிக்கெட்டையும் அவரே நீட்டியதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த சீட்டில் வேறு ஆளை உட்கார வைத்திருப்பார்கள். இடம் கிடைக்காமல் ஏழு பேர் காத்திருந்தார்கள். அந்த ஏழு பேரில் யாராவது ஒருவர் அவள் இடத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் கொறித்துக்கொண்டு வருவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஏழு மாதத்துக்கு முன்னால் டாக்டர் அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "மிஞ்சிப் போனா மூணு மாசம்" என்றிருந்தார். இவர் வெளியே வந்து மனைவியிடம், "ரத்தம் கொஞ்சம் கம்மியாம். அஞ்சாறு மாசத்துல மலையே ஏறலாமாம்" என்று சொன்னார். "அப்பன்னா மலை டூருக்கு டிக்கெட் போடுங்க, எத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கீங்க" என்றாள் அவள். மறுபேச்சுப் பேசாமல் போட்டார். மலைக் குளிருக்கென்று இந்தக் கம்பளிக் கோட்டையும் தைத்தார். அவள் இளைக்க இளைக்க, மதியம் அவள் கண்ணயரும் நேரம் பார்த்துக் கோட்டைப் பிரித்து உள்ளே பிடித்துத் தைத்து வைப்பார். இப்படி மூன்று தடவை. போட்டுப் பார்த்தால் அளவு சரியாக இருக்க வேண்டும், இளைத்தது அவளுக்குத் தெரியவே கூடாது.

கடைசிவரை பொய் சொல்லியே அவளை வழியனுப்பிவிட்டோம் என்ற பாரம் நெஞ்சிலேயே கிடந்தது. கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னதாவது பொய்யாகாமல் இருக்கட்டும் என்றுதான் கிளம்பி வந்தார்.

கைடு பெண் டீக்கடைவரை ஓடிப்போய்த் திரும்பி வந்தாள். "அங்க யாருமே இல்லையே சார்!"

"ஓ... அப்ப பின்னாடி சீட்டுல படுத்திருப்பா. தலைவலின்னு சொன்னா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கூட ஒரு பெரிய தட்டாகப் பார்த்து எடுப்பார். பின் சீட்டில் பெட்டிகளைத் தவிர வேறெதுவும் இல்லை என்பது பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். அவள் பின்னால் போகத் திரும்பினாள். அதற்குள் டிரைவர் அவளைக் கூப்பிட்டார். அந்த வண்டிக்கு முதலாளி, டிரைவர், டிக்கெட் எழுதுபவர் எல்லாம் அவர் ஒருவரே. காதோடு ஏதோ சொன்னார். அவள் திரும்பி வந்து, சீட்டில் கிடந்த கம்பளிக் கோட்டை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"ஆமா சார், படுத்திருக்காங்க. நான்தான் கவனிக்கல. முப்பத்திரண்டு சரியா இருக்கு, போலாம்!"

இந்தப் பெண்ணுக்கு எண்ணவே தெரியாது போலிருக்கிறது, நல்லவேளை என்று தையல்காரர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுக்கு ஆயுள் இரண்டு மணி நேரம்.

அடுத்தது ஒரு பழைய கற்கோயில். எந்தப் பக்கம் திரும்பினாலும் தூண்கள். ஒவ்வொன்றிலும் யாளி, குதிரை, கொடி. அவர் ஒரு தூணின் நிழலில் நின்று, கல்லில் செதுக்கிய பெண்ணின் உடை மடிப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியா, எவ்வளவு நேர்த்தியா மடிச்சிருக்கான்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பக்கத்தில் யாருமில்லை என்பது உறைத்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

ரிட்டயரான டீச்சர் ஒருவர் அவசரமாக வந்தார்.

"அண்ணா, இப்பத்தான் உங்க வீட்டம்மாகூடப் பேசிட்டு வரேன். தங்கமானவங்க!"

தையல்காரர் பேந்தப் பேந்த விழித்தார். "யாரு கூட?"

"உங்க வீட்டம்மா கூடத்தான். நீங்க வெயில்ல தொப்பி போடாம சுத்துறீங்களாம். ஒரே கவலை அவங்களுக்கு."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? பையிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். டீச்சர் வேறு யாரையோ பார்த்துக் குழம்பியிருக்கிறார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, இனி இப்படி நடக்காமலிருக்க ஒரு அணையும் கட்டினார்.

"அவ புது ஆளுங்ககிட்ட அவ்வளவா பேச மாட்டா டீச்சர். ரொம்பக் கூச்சம்."

"கூச்சமா? உங்க குறட்டையைப் பத்தி அரை மணி நேரம் பேசினாங்களே!"

அவர் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். குறட்டை உண்மை. முப்பத்தாறு வருடக் குறட்டை அது.

மதியச் சாப்பாட்டில் இரண்டு தட்டு வைத்தார்கள். வைத்த சோற்றை வீணாக்கினால் அவளுக்குப் பிடிக்காது. இரண்டையும் அவரே தின்று தீர்த்தார். "சாப்பிட்டா, கை கழுவப் போயிருக்கா" என்றார் கேட்பதற்கு முன்பே. கைடு பெண் முகத்தில் சலனமே இல்லாமல் மூன்றாவது தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அம்மா இன்னும் கொஞ்சம் கேட்டாங்க சார்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. அதன்பிறகு பஸ்ஸே அவர் மனைவியைப் பார்க்கத் தொடங்கியது. ஒருவர் அவளிடம் மணி கேட்டாராம். இன்னொருத்தர் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். ஏரிக்கரையில் அவள் நின்று சிரித்ததை மூன்று பேர் பார்த்தார்களாம். ஒவ்வொருவராக வந்து சொல்லும்போதெல்லாம் தையல்காரர் பயந்தார். கொஞ்ச நேரம் போனதும் பயம் குறைந்தது. அதன்பிறகு, தனக்கே வெட்கமாக இருந்தாலும், யாராவது வந்து இன்னும் ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்க ஆரம்பித்தார்.

அதுதான் அவரை உலுக்கியது. இதை இதோடு முடித்துவிட வேண்டும் என்று, மறுநாள் அருவிக்குப் போனதும் கைடு பெண்ணிடம் கடைசிப் பொய்யைச் சொன்னார்.

"அவ தங்கச்சிக்கு உடம்பு சரியில்லையாம்மா. காலையிலயே பஸ் பிடிச்சு ஊருக்குப் போயிட்டா. இனிமே என்னை மட்டும் எண்ணினாப் போதும்."

அந்தப் பெண் தாளைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். அவள் கண் ஏனோ கலங்கியிருந்தது.

"இல்லையே சார். அருவிகிட்ட நிக்கிறாங்களே, இப்பத்தான பாத்தேன்."

தையல்காரர் ஓடினார். அறுபத்தைந்து வயதில், ஈரப் பாறையில், செருப்பு ஒரு பக்கம் தொப்பி ஒரு பக்கமாக ஓடினார். புத்தி இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது, கால் கேட்கவில்லை. அருவி இரைச்சலுக்கு மேலே குரலெழுப்பி, அவளை வழக்கமாகக் கூப்பிடுவது போலவே கூப்பிட்டார்.

"ஏம்மா!"

குளித்துக்கொண்டிருந்த ஏழு பெண்கள் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஏழும் வேறு யாரோ.

அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். காரியம் முடிந்த நாளில்கூட அவர் இப்படி அழவில்லை. அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பது ஒரு சௌகரியமாக இருந்தது.

யாரோ தோளில் துண்டைப் போட்டார்கள். டிரைவர்தான். இரண்டு நாளாக அவரிடம் ஒரு வார்த்தையும் பேசாத மனிதர், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க," என்றார் தையல்காரர். "அவ வரவே இல்ல. செத்து நாலு மாசமாச்சு. உங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

டிரைவர் தலையை ஆட்டினார்.

"அவகிட்டயும் பொய்தான் சொன்னேன். உனக்கு ஒண்ணுமில்ல, ரெண்டு பேரும் சேந்து போலாம்னு சொன்னேன். பாவம், கடைசி மூச்சு வரைக்கும் நம்பிட்டே போயிட்டா. அதுதான் தாங்க முடியல."

டிரைவர் துண்டின் முனையை அவர் தலைமேல் இழுத்துவிட்டார்.

"நம்பலைங்கய்யா. நீங்க டிக்கெட் போட்ட மறுநாளே அம்மா எனக்குப் போன் பண்ணாங்க. உங்க தொப்பி, குறட்டை எல்லாம் அவங்க சொன்னதுதான். 'டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். அவர் தனியாத்தான் வருவாரு, கேட்டா நானும் கூட வந்திருக்கேன்னு சொல்லுவாரு. அவருக்குப் பொய் சொல்லவே வராது, நீங்கதான் எல்லாருமாச் சேந்து கொஞ்சம் ஒத்தாசை பண்ணணும்'னாங்க."