குளிர்ப்பெட்டியில் ஒரு பேனா

உயிரே போனாலும் உடம்பில் ஊசி ஏறவிடுவதில்லை என்று ஷெர்மாத் சபதம் செய்தபோது அவருடைய இடது கை மாவுக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

குதிரையில் பாய்ந்து ஆட்டுக்கிடாயைப் பறிக்கும் ஆட்டத்தில் ஒரு காலத்தில் நரின் ஊரையே கலக்கியவர். எத்தனையோ முறை விழுந்தும் ஒரு விரல்கூட ஒடிந்ததில்லை. இப்போது வாசல் பனியில் வாளியோடு வழுக்கி உட்கார்ந்தார், அவ்வளவுதான், மணிக்கட்டு போய்விட்டது. படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, முதுகெலும்பில் ஒரு கணு ஏற்கெனவே நசுங்கியிருக்கிறது, எலும்பெல்லாம் சல்லடையாகிவிட்டது, தினமும் ஊசி போட்டாக வேண்டும் என்றாள்.

வெளியே வந்ததும் மனைவி பாத்மாவிடம் வெடித்தார்.

"எலும்பு மெலியறது பொம்பளைங்களுக்கு வர்ற சீக்கு! எனக்குப் போயி!"

"எலும்புக்கு என்னங்க ஆம்பளை பொம்பளை?"

"ஊசின்னு இன்னொரு வாட்டி சொன்னே, மலைக்குப் போயி கூடாரத்துலயே கெடந்துருவேன்."

பாத்மா வாயை மூடிக்கொண்டாள். ஷெர்மாத்துக்குச் சந்தேகம் அங்கேதான் பிறந்தது. பாத்மா ஒரு விஷயத்தில் வாயை மூடினால், அந்த விஷயம் முடிந்தது என்று அர்த்தமில்லை, கொல்லைப்புற வழியாக வருகிறது என்று அர்த்தம்.

தேநீரை மோந்து பார்த்துக் குடித்தார். சூப்பை முதலில் அவளைக் குடிக்கச் சொன்னார். குப்புறப் படுக்கும் பழக்கத்தையே விட்டுவிட்டார்.

ஒரு நாள் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வரும் வாடகைக் கார் வாசலில் நின்றது. மீசை முறுக்கிய ஓட்டுநர் இறங்கி, பாத்மாவின் கையில் ஒரு பையைக் கொடுத்து, "பத்திரம்க்கா, சூடு படக்கூடாது" என்றான். அவள் அதைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். ஷெர்மாத் ஜன்னலில் மூக்கை நசுக்கிக்கொண்டு பார்த்தார். மீசைக்காரனிடம் இவளுக்கு என்ன ரகசியம்?

அவள் மாட்டைப் பார்க்கப் போன சமயம் குளிர்ப்பெட்டியைக் குடைந்தார். பாலாடைக் கிண்ணத்துக்குப் பின்னால், துணியில் சுற்றி, ஒரு பேனா.

ஷெர்மாத் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேனாவை ஒளித்து வைத்து எவனுக்குக் கடிதம் எழுதுகிறாள்? அதுவும் சூடு படாத கடிதம்!

"யாருக்குடி எழுதுறே?" பாத்மா உள்ளே நுழைந்ததும் பேனாவை நீட்டினார். "அந்த மீசைக்கா?"

பாத்மா பேனாவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பொத்தென்று உட்கார்ந்து சால்வையில் முகத்தைப் புதைத்தாள்.

"அது எழுதற பேனா இல்லீங்க, பேனா மாதிரி இருக்கற மருந்து ஊசி. எனக்கும் எலும்பு போச்சு. நீங்களே அடிபட்டுக் கெடக்கீங்க, எப்படிச் சொல்றதுன்னு..."

ஷெர்மாத்தின் கோபம் அப்படியே இறங்கிப்போனது. இந்த வீட்டைத் தாங்குகிற எலும்பு அவளுடையதுதான், அதுவும் ஒடிந்தால்? மீசையைச் சந்தேகப்பட்ட வாயைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

"போட்டுக்கிட்டியா?"

"எங்கங்க? தொடையில நானே குத்திக்கணுமாம். பக்கத்து வீட்டு நர்ஸ் சாய்கல் சொல்லிக் குடுத்தா. ஆனா பயமா இருக்குங்க. பேசாம தூக்கிப் போட்டுடறேன்."

"லூசா நீ? கொசு கடிக்கிற மாதிரி இருக்கும். இதுக்கா பயம்?"

"உங்களுக்கென்ன, சொல்லுவீங்க. நீங்களே ஊசின்னா மலைக்கு ஓடற ஆளு."

"யாரு? நானா? கொண்டா இங்க!"

பாத்மா புது ஊசியைப் பேனாவில் திருகி, அளவை வைத்துக் கொடுத்தாள். அழுதுகொண்டிருந்தவளின் கை அந்த நேரம் துளிகூட நடுங்கவில்லை என்பதை ஷெர்மாத் கவனிக்கவில்லை. கால்சட்டையை இறக்கி, வலது தொடையைத் துடைத்து, சரக்கென்று குத்தினார்.

"பாத்தியா? ஒண்ணுமில்ல!"

"குத்தறது சரிங்க. மருந்து உள்ள போறப்பத்தான் எரியும்னு சாய்கல் சொன்னா."

"அவ கெடக்கா!" ஷெர்மாத் பொத்தானை அழுத்தினார். சாய்கல் சொன்னபடி, எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொள்ளச் சொன்னாள் பாத்மா. பிடித்துக்கொண்டார். முகத்தில் வீரக்களை. "எரியல. இப்ப வேற ஊசி மாட்டு. உன் முறை."

பாத்மா ஊசியைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டாள். பேனாவுக்கு மூடி போட்டாள். குளிர்ப்பெட்டியில் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"ஒருத்தர் பேனாவ இன்னொருத்தர் போட்டுக்கக் கூடாதாம். டாக்டரம்மா உங்க பேருக்குத்தான் எழுதிக் குடுத்தாங்க" என்றாள். "கால்சட்டைய ஏத்துங்க. நாளைக்கு இடது தொடை."