பீரோக்காரர் நெஞ்சைத் தட்டினார்

பீரோக்காரர் கூடத்துத் தரையில் மல்லாந்து கிடந்தபோது போன் அடித்தது. மனைவிதான், அதுவும் வீடியோவில்.

காலையில் கடையில் ஒரு பீரோவைத் தனியாளாக நகர்த்திக் காட்டப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்க்க வந்திருந்த கொழுந்தியாளிடம், வாயைத் திறக்காதே என்று கண்ணைக் காட்டிவிட்டு எடுத்தார்.

"ஏன் கீழ படுத்திருக்கீங்க?"

"எக்சர்சைஸ்."

"எப்படி இருக்கீங்க?"

"ஸ்ட்ராங்!"

அவர் வியாபாரமே அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையில்தான் ஓடியது. யார் என்ன கேட்டாலும் பீரோக் கதவை முஷ்டியால் குத்தி, "ஸ்ட்ராங்!" என்பார். மனைவி வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு நர்ஸாகப் போனதிலிருந்து, அவள் போனில் நலம் கேட்கும்போதெல்லாம் அதே குத்து அவர் நெஞ்சுக்கும் விழுந்தது. அவள் இல்லாத கட்டிலில் படுக்கப் பிடிக்காமல் கூடத்தில் புரள்வதை, அவள் தலையணை உறையைத் துவைக்க மனம் வராததை, எந்த வாயால் சொல்வது? தனியாக இருப்பவள் கலங்கிப்போக மாட்டாளா?

"எங்க, எழுந்து நில்லுங்க பாக்கலாம்."

பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுப் பீரோவின் கைப்பிடியைப் பற்றி எழுந்தார். கதவு திறந்துகொண்டது. கதவோடு அவரும் அரை வட்டம் போனார்.

"என்ன ஆடுறீங்க?"

"டான்ஸ்!"

"நான் இல்லாம டான்ஸ் வேறயா?" அவள் சிரிக்கவில்லை. "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. இன்னிக்கே பதில் சொல்லணும். உங்களால முடியுமா?"

முடியாது, வந்துவிடு. தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் பாழாய்ப்போன கை முந்திக்கொண்டு நெஞ்சைக் குத்தியது.

"ஸ்ட்ராங்!"

குத்திய வேகத்தில் இடுப்பு மறுபடி வெட்டியது.

"அய்யோ!"

"என்னங்க?"

"ச... சந்தோஷம்!"

"சந்தோஷமா? சரி. அப்ப கையெழுத்துப் போட்டுடறேன்." குரல் கம்மியிருந்தது. போனை வைத்துவிட்டாள்.

பீரோக்காரர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். கண் நிறைந்துவிட்டது. "நான் எப்படியோ கெடக்கறேன். அவளாவது நல்லா இருக்கட்டும்."

கொழுந்தியாள் தைலப் பாட்டிலை நங்கென்று தரையில் வைத்தாள்.

"அக்காவா நல்லா இருக்கா, மாமா? போன மாசமே பெட்டியைக் கட்டி வச்சிட்டு, நீங்க ஒரு தடவையாவது 'முடியல, வந்துடு'ன்னு சொல்ல மாட்டீங்களான்னுதான் அக்கா தினமும் 'எப்படி இருக்கீங்க'ன்னு கேக்கறா!"