ஐந்து போடும் ஆசிரியர்

ஆசிரியர்களில் ‘ஐந்து போடுகிறவர்’ என்று ஓர் இனம் உண்டு. மாணவரின் அடைவுநிலைக்கு ஆறு படி; ஆறுதான் உச்சி. ஆறு போட்டால் சந்தேகம் வரும், இரண்டு போட்டால் வேலை வரும், ஐந்து போட்டால் எதுவும் வராது. மலேசியாவில் லாபு பக்கத்துத் தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டுக்குத் தமிழ் போதிக்கும் சத்தியசீலன் அந்த இனத்தின் மணிமுடி.

பரீட்சையை மட்டும் வைத்துப் பிள்ளையை அளக்காதே, பேசவிட்டுப் பார், நடிக்கவிட்டுப் பார் என்று கல்வித் துறையில் சொன்னவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். சத்தியசீலனும் பேசவிட்டார், படம் எடுத்தார். முகமூடி மாட்டி நடிக்கவிட்டார், படம் எடுத்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கொட்டையில் பொம்மை செய்யவிட்டு, அதையும் நான்கு கோணத்தில் எடுத்துப் பெற்றோரின் வாட்சாப் குழுவில் ஏற்றி, கைதட்டல் குவிவதைக் கண்டு உள்ளம் குளிர்ந்தார். பிள்ளை கற்றதா என்று பார்த்தாரா? அதற்கு ஏது நேரம்!

ஒருநாள் மாணவி ஷாமினியின் அம்மா ரோகினி, நீலாய் ஊர்த் தொழிற்சாலைச் சீருடையோடு வந்து நின்றார்.

“சார், எம்மவளுக்கு அஞ்சு போட்டுருக்கீங்க. அவளுக்கு ஒரு வரி படிக்க வரலியே லா.”

“அந்தக் காலத்துப் பரீட்சை மாதிரி பாக்காதீங்கம்மா. இப்ப பல வகையா மதிப்பிடுறோம். கோழி வேஷத்துல என்னமா கலக்குனா தெரியுமா?”

“கலக்கட்டும் சார். கோழின்னு எழுதத் தெரியணும்ல?”

சத்தியசீலனுக்குக் காது சுட்டது. ஷாமினியை அழைத்துப் பாடநூலை நீட்டினார். அவள் அதை நெஞ்சுக்கு நேரே பிடித்து, பல் தெரியச் சிரித்து, அசையாமல் நின்றாள்.

“படிக்கச் சொன்னேன்.”

“போட்டோ எடுக்கலியா சார்?”

ரோகினி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ரெண்டே போடுங்க சார். ரெண்டுன்னாதான் யாராச்சும் உக்கார வச்சுச் சொல்லிக் குடுப்பாங்க.”

சத்தியசீலனுக்கு நெஞ்சு உறுத்தியது உண்மை. ஆனால் அந்த ‘யாராச்சும்’ தாம்தான் என்பது அடுத்த கணமே உறைத்தது. “இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, ரெண்டு பேரும் சேந்து நில்லுங்கம்மா” என்று கைப்பேசியை எடுத்தார். மாலையில் ‘பெற்றோர் ஒத்துழைப்பு’ என்ற தலைப்போடு அந்தப் படம் குழுவில் வந்தது. ஐந்து ஐந்தாகவே இருந்தது. ரோகினி மட்டும் வேலைக் களைப்போடு மகளை மடியருகே இழுத்து, ‘அ’விலிருந்து தொடங்கினார்.

ஆசிரியர் இல்லையே நாம் என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அந்தப் படத்துக்கு முதலில் கைதட்டியது யார்? உங்கள் பிள்ளையை ஒரு பக்கம் படிக்கச் சொல்லி, முழுவதும் கேட்டது கடைசியாக எப்போது? நேரமில்லை என்கிறீர்களா?

சத்தியசீலனும் அதையேதான் சொல்கிறார்.